ஆறு வருடமாகப் போய்வரும் கண்ணாடி மாளிகை

செடி கொடிகள் வளர்க்கும் அந்தக் கண்ணாடி மாளிகைக்கு முதல் தடவை போனபோது மகளுக்கு நாலு வயது, மகன் என் தோளில். அன்றைக்கு நாங்கள் செய்த தப்பைத்தான் முதலில் சொல்ல வேண்டும். டிக்கெட் எடுத்தாயிற்று, எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று மூன்று மணி நேரம் நடந்தோம். மழைக்காட்டு அறை, பாலைவன அறை, மலைக்காட்டு அறை, அல்லிக் குளம். வெளியே வரும்போது அத்தைக்கு முழங்கால் வலி, சின்னவன் ஒரே அழுகை. வீட்டுக்கு வந்து என்ன பார்த்தோம் என்று யோசித்தால் பெரிய இலை, பெரிய மரம், வியர்வை, அவ்வளவுதான் நினைவில் நின்றது.

இரண்டாவது தடவை போனது மழைக்கு ஒதுங்கத்தான். மூடுவதற்கு முக்கால் மணி நேரமே இருந்ததால் மழைக்காட்டு அறையோடு நிறுத்திக்கொண்டோம். அன்று பார்த்தது ஒவ்வொன்றும் மனதில் இருக்கிறது. அந்த வாரமே ஆண்டுச் சந்தா கட்டினோம். ஆறு வருடமாக ஒரு தடவை போனால் ஓர் அறை, ஒரு மணி நேரம், அதற்கு மேல் இல்லை. குடும்பமாகப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய பெரிய யோசனை இதுதான்.

உள்ளே நுழைந்ததும் மூக்குக்கண்ணாடி பனித்துவிடும். வெளியே குளிராக இருக்கும் நாளில் நுழைந்தவுடனே கேமராவைப் பையிலிருந்து எடுத்தால் லென்ஸ் முழுக்க ஆவி படிந்துவிடும். துடைக்காதீர்கள், துடைத்தால் மறுபடி படியும். பைக்குள்ளேயே மூடி வைத்துப் பத்து இருபது நிமிடம் பொறுத்தால், கேமராவும் உள்ளே இருக்கும் சூட்டுக்கு வந்துவிடும். அப்புறம் தொந்தரவு இல்லை. குழந்தைகளுக்கு மெல்லிய பருத்திச் சட்டையும் அதற்கு மேல் கழற்றக்கூடிய ஒரு மேல்சட்டையும் போதும். மலைக்காட்டு அறை குளிரும் என்பதால் அந்த மேல்சட்டையை மறக்க வேண்டாம்.

இப்போது எங்கள் வீட்டு வழக்கம் ஒன்று. ஆளுக்கொரு செடி. எந்த அறைக்குப் போனாலும் அவரவர் செடியை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்புவோம், ஓர் அறை என்ற விதிக்கு அது மட்டும் விலக்கு.

மகளுடையது கொக்கோ மரம். பூ கிளை நுனியில் இல்லாமல் அடிமரத்துப் பட்டையிலிருந்தே முளைத்திருந்தது அவளுக்கு அதிசயமாக இருந்தது. "பலாவும் இப்படித்தானே, மரத்தோடு ஒட்டித்தானே காய்க்கும்" என்று அத்தை சொல்ல, பாட்டியை அவள் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. பூ விரல்நகம் அளவுதான். ஐந்து இதழ், ஒவ்வொன்றின் அடியும் குட்டிக் கிண்ணம்போல வளைந்திருக்கும். மகரந்தப் பை அந்தக் கிண்ணத்துக்குள் ஒளிந்திருக்கிறது. காட்டில் கொசுவைவிடச் சிறிய ஈ வகை ஒன்று உள்ளே நுழைந்து மகரந்தத்தை எடுத்துப் போகும். கண்ணாடிக் கூரையின் கீழ் அந்த ஈ இல்லை. தோட்டக்காரர் மெல்லிய தூரிகையை வைத்து அந்த வேலையைச் செய்கிறார்.

முதல் வருடம் மகள் கண்ணுக்கு முன்னால் ஒரு பிஞ்சு பிடித்தது. சுண்டுவிரல் அளவு வந்ததும் கறுத்துச் சுருங்கிவிட்டது. யாரோ தொட்டுவிட்டார்கள் என்று அழுதாள். தோட்டக்காரர் அவளுக்குச் சமமாகக் குந்தி உட்கார்ந்து சொன்னார்: "யாரும் தொடலை பாப்பா. இத்தனை பிஞ்சுக்கும் சாப்பாடு போட மரத்துக்குத் தெம்பு இல்லை. அதனால சிலதை அதுவே காயவிட்டுடும்." ஆயிரக்கணக்கில் பூத்தாலும் முற்றிப் பழமாவது சில காய்கள்தான் என்பது அன்றைக்குத்தான் எனக்கும் தெரிந்தது. அடுத்த பிஞ்சு தப்பித்தது. தொடக்கூடாது என்பதால் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று ஸ்கேலைத் தூக்கிப் பிடித்து அளந்தாள். அளவு சரியாக இருக்காது. ஆனால் எப்போதும் ஒரே இடத்தில் நின்று அளந்ததால் வளர்ச்சி தெரிந்தது. கிட்டத்தட்ட ஆறு மாதத்தில் பச்சை மஞ்சளானது. அந்த நோட்டுப் புத்தகம் இன்னும் இருக்கிறது.

அதே மரத்தில் இன்னொன்றும் கற்றுக்கொண்டோம். இலைக்கடியில் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியதுபோல ஏதோ ஊர்ந்தது. மாவுப்பூச்சி என்று நினைத்து மகள் கைக்குட்டையை எடுத்தாள். தோட்டக்காரர் ஓடிவந்து தடுத்தார். அது மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் குஞ்சு. இரையைப் போலவே உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு இழைகளோடு இருக்கும். உற்றுப் பார்த்தால் இது வேகமாக நடக்கிறது, இழைகளும் நீளம். மாவுப்பூச்சி பெரும்பாலும் ஒரே இடத்தில் அப்பிக்கொண்டிருக்கும். மூடிய இடத்தில், அதுவும் குழந்தைகள் நடமாடும் இடத்தில், மருந்து தெளிப்பதைவிட இப்படிப் பூச்சியை வைத்தே பூச்சியைப் பிடிப்பது எவ்வளவு நல்லது!

அத்தையின் செடி வனிலாக் கொடி. அறிவிப்புப் பலகையில் இருந்த கதைதான் அவரைப் பிடித்துக்கொண்டது. மெக்ஸிகோ பக்கத்துக் கொடியான வனிலாவை இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவுக்குக் கொண்டுபோய் நட்டார்கள். பல வருடம் வளர்ந்தும் உருப்படியாகக் காய்க்கவில்லை. 1841-ல் எட்மண்ட் அல்பியஸ் என்ற 12 வயதுச் சிறுவன் வழி கண்டுபிடித்தான். அப்போது அவன் அடிமை. பூவுக்குள் மகரந்தத்தையும், அது போய்ச் சேர வேண்டிய சூல்முடியையும் பிரிக்கும் மெல்லிய திரையை ஒரு குச்சியால் தூக்கிவிட்டு, கட்டைவிரலால் இரண்டையும் சேர்த்து அழுத்தினான். உலகம் முழுக்க இன்றும் அந்த முறைதான். அந்தத் தொழிலில் பலர் பணக்காரர் ஆனார்கள், அவர் 1880-ல் ஏழையாகவே இறந்தார். "பன்னிரண்டு வயசுப் பிள்ளையா!" என்று அத்தை அந்தப் பலகை முன்னால் நின்றுகொண்டே இருந்தார்.

வனிலாப் பூ ஒரே நாள்தான். காலையில் விரிந்து பிற்பகலில் வாடிவிடும். அதனால் பூக்கும் பருவத்தில் கதவு திறந்தவுடனே போவோம். ஒரு காலையில் தோட்டக்காரர் அத்தையின் கையிலேயே பல்குச்சியைக் கொடுத்துவிட்டார். கை நடுங்கியது, முதல் பூ கிழிந்தது, இரண்டாவது பிடித்துக்கொண்டது. அப்புறம் ஒவ்வொரு வாரமும், "ஏம்மா, இன்னைக்குப் போகலாமா?" அந்தக் காய் பச்சை பீன்ஸ்போல நீண்டு தொங்கியதைப் பார்க்க என்னைவிட அவர்தான் அவசரப்பட்டார்.

என் கணவருடையது டைட்டன் ஆரம். 1878-ல் சுமத்ராவில் தாவரவியலாளர் பெக்காரி கண்டறிந்து வெளியுலகுக்குச் சொன்ன செடி. 1889-ல் லண்டன் கியூ தோட்டத்தில் வளர்ப்பில் முதல் தடவையாகப் பூத்தது. நம் சேனைக்கிழங்குச் செடியும் இதே பேரினம்தான். இலையைப் பார்த்தால் சாயல் தெரியும், ஒற்றைத் தண்டு, மேலே குடைபோல விரிந்த ஒரே இலை. பூவுக்குப் பூ பல வருட இடைவெளி. பூத்தால் ஓரிரு நாள்தான் விரிந்திருக்கும். முதல் தடவை சனிக்கிழமை போய்க்கொள்ளலாம் என்று இருந்துவிட்டோம், போனபோது சாய்ந்து கிடந்தது. அடுத்தது பூத்த அன்று மாலையே போய் வரிசையில் நின்றோம். வாசனை அலை அலையாக வருகிறது, அழுகிய இறைச்சி நாற்றம். நடுத்தண்டு மனித உடம்பின் சூட்டுக்கு வந்து அந்த நாற்றத்தைக் காற்றில் பரப்புகிறது. பிணத்தை நாடும் வண்டுகளுக்கும் ஈக்களுக்குமான அழைப்பு அது. பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு மறுபடி மறுபடி வரிசையில் நின்றார்கள். கூட்டத்துக்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள், தகவல் வந்த அன்றே போய்விடுங்கள்.

என் பங்கு அல்லிக் குளத்து விக்டோரியா என்ற ராட்சத அல்லி. இலை இரண்டு மீட்டருக்கு மேல். அடிப்பக்கம் முழுக்க முள்ளும், சக்கர ஆரங்கள்போலப் பிரியும் தடித்த நரம்புகளும். 1849-ல் இங்கிலாந்தின் சாட்ஸ்வொர்த்தில் இதைப் பூக்கவைத்த ஜோசப் பாக்ஸ்டன் தன் சின்ன மகளை இலைமேல் நிற்கவைத்துக் காட்டினார். 1851-ல் லண்டனில் எழுந்த கிரிஸ்டல் பேலஸ் என்ற பெரிய கண்ணாடிக் கட்டடத்தை வடிவமைத்ததும் அவர்தான். பூ முதல் இரவு வெள்ளை, மறு இரவு இளஞ்சிவப்பு. பகலில் போனால் பெரும்பாலும் மூடிய பூதான் கிடைக்கும். மாலை நேரத்துக்குத் திறந்திருக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள்.

குறைகளும் உண்டு. மேல்தள நடைபாதைக்குப் போகும் லிஃப்ட் அடிக்கடி பழுது. அத்தையின் முழங்காலை நம்பிச் சாய்வுப் பாதையில் ஏற முடியாது, அதனால் மரங்களின் உச்சியை அவர் இரண்டே தடவைதான் பார்த்திருக்கிறார். உட்கார பெஞ்சு போதாது. ஒரு வருடம் மலைக்காட்டு அறையை மாதக்கணக்கில் பராமரிப்புக்கு மூடியபோது சந்தாதாரர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. கதவு வரை போய்த்தான் தெரிந்துகொண்டோம். கழிப்பறை ஒரே கோடியில். சின்னப் பிள்ளையோடு போகிறவர்கள் உள்ளே நுழையும் முன்பே வேலையை முடித்துக்கொள்வது நல்லது.

பாலைவன அறையில் மட்டும் குழந்தையின் கையை விடாதீர்கள். மகனுக்கு மூன்று வயதில், முயல் காதுபோல மெத்தென்று தெரிந்த ஒரு கள்ளியைத் தடவிவிட்டான். அந்த மஞ்சள் புள்ளிகள் பஞ்சு இல்லை, கண்ணுக்குத் தெரியாத நூற்றுக்கணக்கான நுண்முட்கள். தேய்த்தால் இன்னும் உள்ளே போகும். காவலர் ஒட்டும் டேப் கொண்டுவந்து விரல்களில் ஒட்டி ஒட்டி எடுத்தார், மிச்சத்தை வீட்டில் சாமணத்தால் பிடுங்கினேன். அன்றிலிருந்து எங்கள் பையில் ஒரு டேப் சுருள் நிரந்தரமாக இருக்கிறது.

அவனுக்கு இப்போது ஏழு வயது. போன மாதம்தான் தனக்கென்று ஒரு செடி வேண்டும் என்று கேட்டான். அன்று மட்டும் எல்லா அறையும் சுற்றிவிட்டு அந்தக் கள்ளி முன்னாலேயே வந்து நின்றான். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, புதிதாக முளைத்திருந்த காதுகளை எண்ணினான். நாலு.