ஜே, கே, பி, ஓ, செமிகோலன்: என்.வி.டி.ஏ.வுடன் ஆறு ஆண்டுகள்

பார்வையை முழுவதுமாக நான் இழந்த ஆண்டில் நண்பர் ஒருவர் பென் டிரைவ் ஒன்றைக் கையில் வைத்து, "இதைச் செருகு, பேசும்" என்றார். கணினியில் எதையும் நிறுவாமலே அதிலிருந்து என்.வி.டி.ஏ. ஓடியது. திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் அது. ஆறு ஆண்டுகளாக என் பிழைப்பு அதை நம்பித்தான் நடக்கிறது. பகலில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் மனுக்களை வரைவு செய்கிறேன். மாலையில் தொலைநிலைக் கல்வியில் முதுகலை படிக்கிறேன். மென்பொருளை மட்டும் மதிப்பிட்டு எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அது வாசித்துக்காட்டிய இடங்களை விட்டுவிட்டு அதைப் பற்றி மட்டும் பேச முடியவில்லை.

முதலில் குரல். விண்டோஸில் வள்ளுவர் என்ற பெயரில் ஒரு தமிழ்க் குரல் இருக்கிறது. மனிதக் குரலுக்கு நெருக்கமானது. என்.வி.டி.ஏ.வுடனே வரும் ஈஸ்பீக் குரலோ தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பேசுவதுபோல் இருக்கும். முதல் மாதம் அதைக் கேட்டாலே எரிச்சல் வந்தது. இன்று அதைத்தான் வைத்திருக்கிறேன். வேகத்தைக் கூட்டக் கூட்ட இனிமையான குரல்கள் என் காதில் குழைந்துபோகின்றன. தகர டப்பா தெளிவாக நிற்கிறது. நாற்பது பக்க மனுவைப் படிப்பவளுக்கு இனிமை எதற்கு? "கோபத்தில் இருக்கும் கொசு மாதிரி இருக்கிறது அம்மா" என்பாள் மகள். அவளுக்குப் புரியாத வேகத்தில் நான் படிக்கிறேன் என்பதில் எனக்குச் சிறு பெருமையும் உண்டு.

இது இலவசம். இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. திரைவாசிப்பான்கள் முன்பே இருந்தன. ஆனால் நல்லவற்றைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. 2006-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் இதை எழுதத் தொடங்கினார், பிறகு ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். இருவருமே பார்வையற்றவர்கள். மூல நிரலும் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. அதே 2006 டிசம்பரில்தான் மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான உடன்படிக்கையை ஐ.நா. பொதுச்சபை ஏற்றது. நீதி பெறுவதற்கு 13-ஆம் பிரிவு, கல்விக்கு 24, பண்பாட்டு வாழ்வுக்கு 30. ஆக, "நிதி ஒதுக்கீடு இல்லை" என்று ஒரு நூலகமோ கல்லூரியோ என்னிடம் சொன்னால், எதற்கு நிதி என்று திருப்பிக் கேட்க முடிகிறது. மென்பொருளுக்குச் செலவில்லை. பக்கத்தை ஒழுங்காக எழுதுவதற்கு ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

ஒழுங்காக எழுதுவது என்றால் என்ன என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். நான் சுட்டியைத் தொடுவதில்லை. எச் (H) விசையை அழுத்தினால் அடுத்த தலைப்பு, டி (T) அழுத்தினால் அடுத்த அட்டவணை, பி (B) அழுத்தினால் அடுத்த பொத்தான். பக்கத்தை எழுதியவர் தலைப்பைத் தலைப்பு என்று குறித்திருந்தால்தான் எச் வேலை செய்யும். எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கிவிட்டால் கண்ணுக்கு அது தலைப்பு. எனக்கு அது இன்னொரு வரி.

என் பல்கலைக்கழகத் தளத்தில் தேர்வு விண்ணப்பம் நிரப்பிய நாளை மறக்க மாட்டேன். கீழே வந்து பி அழுத்தினேன். "பொத்தான்" என்றது. மறுபடி அழுத்தினேன். "பொத்தான்." மூன்றாவதும் "பொத்தான்." மூன்றுக்கும் படம் இருந்ததாம், பெயர் இல்லை. ஒன்று சமர்ப்பிக்க, ஒன்று சேமிக்க, ஒன்று அழிக்க. குருட்டாம்போக்கில் அழுத்தினேன், இந்தச் சொல்லை நான் பயன்படுத்தலாம். நாற்பது நிமிட உழைப்பு காணாமல் போனது. மதிப்பெண் பட்டியலும் அப்படித்தான்: 48, 61, 57 என்று எண்கள் வரும், நெடுவரிசைகளுக்குத் தலைப்புக் குறிக்கப்படாததால் எது எந்தத் தாள் என்று விரல் விட்டு எண்ண வேண்டும்.

கடிதம் எழுதினேன். இரண்டு வாரம் கழித்துக் கணினிப் பிரிவிலிருந்து ஒரு இளைஞர் அழைத்தார். விதிமுறைகளை எடுத்துச் சொல்லத் தயாராக இருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை. "நீங்கள் படிக்கும்போது கேட்கும் ஒலியை நான் கேட்க முடியுமா மேடம்?" என்றார். தொலைபேசியைக் கணினியின் ஒலிபெருக்கிக்கு அருகில் வைத்து அவர் எழுதிய பக்கத்தை அவருக்கே வாசிக்கவிட்டேன். வேகத்தையும் குறைத்துக்கொடுத்தேன், பாவம். மூன்று "பொத்தான்" முடிந்ததும் மறுமுனையில் சத்தமே இல்லை. அன்றே தன் கணினியிலும் என்.வி.டி.ஏ.வை இறக்கிக்கொண்டார். அடுத்த பருவத்தில் பொத்தான்கள் பெயரோடு வந்தன, மதிப்பெண்கள் தாளின் பெயரோடு வந்தன. உள்ளடக்கிய கல்வி என்ற தலைப்பில் அந்தப் பல்கலைக்கழகம் கருத்தரங்கு நடத்தியதாகவும் கேள்விப்பட்டேன். அதன் அழைப்பிதழ் படமாக வந்ததால் என்னால் படிக்க முடியவில்லை.

பாடக்குறிப்புகளின் கதை வேறு. மூத்த பேராசிரியர் ஒருவரின் குறிப்பைத் திறந்தேன். "ஜே, கே, பி, ஓ, செமிகோலன்" என்று படித்தது. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்பதைத் தட்டச்சு செய்தால் உள்ளே இருப்பது அந்த ஆங்கில எழுத்துகளும் குறியும்தான். தமிழ் வடிவம் மேலே பூசிய வண்ணம். தமிழைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடு முறை வந்து எத்தனை காலம் ஆயிற்று! மாற்றித்தர ஆள் பிடிக்கவே ஒரு பருவம் போனது. பாடநூலை எழுத்துக் கோப்பாகக் கேட்டபோது, பதிப்புரிமை தடுக்கிறது என்றார் நூலகர். அந்தச் சிக்கலுக்காகவே, பார்வையற்றோர் படிக்கும் வடிவில் நூல்களைத் தர வழிசெய்யும் மராகேஷ் உடன்படிக்கை 2013-இல் உருவானது, 2016-இல் நடைமுறைக்கு வந்தது என்று சொன்னேன். குறித்துக்கொண்டார். நல்ல மனிதர், கோப்பும் வந்தது.

அருங்காட்சியகத் தளங்களில் பெரும்பாலும் "கிராஃபிக், ஐ.எம்.ஜி. 4471" என்பதுதான் சிற்பம். படத்துக்கு எழுத்தில் மாற்று தர வேண்டும் என்பது இணைய அணுகல் வழிகாட்டுதல்களின் முதல் விதி. இரண்டாம் பதிப்பே 2008-இல் வந்துவிட்டது. ஒரே ஒரு தளத்தில் இப்படிக் கேட்டேன்: "அமர்ந்திருக்கும் பெண். வலக்கை முழங்கைக்குக் கீழே உடைந்திருக்கிறது. தலை இடப்புறம் சற்றுச் சாய்ந்திருக்கிறது." யார் எழுதினார்களோ, பதவிசாக எழுதியிருந்தார்கள். "அழகிய சிலை" என்று எழுதியிருந்தால் எனக்கு என்ன கிடைத்திருக்கும்?

குறைகளும் உண்டு. விண்டோஸுக்கு வெளியே இது இல்லை. தமிழும் ஆங்கிலமும் கலந்த ஆவணத்தில் மொழி குறிக்கப்படாவிட்டால் ஒரு குரலே இரண்டையும் மென்று துப்பும். ந-வும் ன-வும் என் வேகத்தில் ஒன்றாகவே கேட்கின்றன. வரைவில் அப்படி ஒரு பிழை தங்கி, வழக்கறிஞரிடம் பேச்சு வாங்கியிருக்கிறேன். விசைகள் மனத்தில் ஏற மூன்று மாதமாவது ஆகும். புதிதாகத் தொடங்குபவர்கள் எச், டி, கே, பி நான்கை மட்டும் முதல் வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கே என்பது இணைப்புகளுக்கு. பேச்சை நிறுத்த கண்ட்ரோல் விசை. அதுதான் அதிகம் தேவைப்படும்.

என்.வி.டி.ஏ. கைவிரித்துவிடும் இடம் தீர்ப்புகள்தான். ஒரு நீதிமன்றத் தளத்தில் நுழையவே முறுக்கிய எழுத்துகளைப் பார்த்துத் தட்டி நான் மனிதப் பிறவி என்று நிரூபிக்க வேண்டும். மகளை வைத்து மனிதப் பிறவி ஆனேன். கோப்பைத் திறந்தால் வெறுமை. ஒரு சொல்கூட இல்லை. கணினியில் எழுத்தாகப் பிறந்த தீர்ப்பு அச்சாகி, கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, ஸ்கேனருக்குள் போய்ப் படமாக வெளிவருகிறது. என்.வி.டி.ஏ. விசையோடு (வழக்கமாக இன்செர்ட்) ஆர் அழுத்தினால் படத்திலுள்ள எழுத்தை அடையாளம் காண முயலும். ஆங்கிலத்தை ஓரளவு பிடிக்கிறது, கட்டாயத்தைக் குறிக்கும் "ஷல்" (shall) என்பதை இரண்டு இடத்தில் "ஸ்மால்" ஆக்கியது. சட்ட வாசகத்தில் அது சின்ன விஷயமல்ல. தமிழ்த் தீர்ப்பு என் கணினியில் சுத்தமாக நகரவில்லை.

தீர்ப்புகளை எழுத்துக் கோப்பாகவே பதிவேற்றுங்கள் என்று அந்த நீதிமன்றத்தின் பதிவகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்றாம் நாளே பதில் வந்தது. கோரிக்கையை அச்செடுத்து, கையெழுத்திட்டு, ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.