அம்பாசமுத்திரத்தில் ஆசிரியர்களுக்கு நடந்த சுற்றுச்சூழல் நலப் பயிற்சி

ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை அறிவியல் எடுக்கும் ஆசிரியர்களுக்காக ஒரு தன்னார்வ அமைப்பு அம்பாசமுத்திரத்தில் நடத்திய இரண்டு நாள் பயிற்சி, மரக்கன்று, உறுதிமொழி என்ற வழக்கமான பாதையில் போகவில்லை. ஒரு நச்சுப்பொருள் எங்கிருந்து கிளம்பி, எந்த வழியாக, எவ்வளவு, எத்தனை காலம் உடலுக்குள் போகிறது என்ற கேள்வியையே இரண்டு நாளும் பிடித்துக்கொண்டிருந்தது. இந்த ஒரு காரணத்துக்காகவே இதைப் பரிந்துரைப்பேன், குறைகளும் உண்டு.

முதல் நாள் காலையிலேயே தாமிரபரணிப் படித்துறை நீரையும், ஒரு கிணற்று நீரையும், குழாய் நீரையும் ஹைட்ரஜன் சல்பைடு சோதனைக் குப்பிகளில் (மலக்கிருமிகள் இருந்தால் நீர் கறுக்கும்) ஊற்றி மூடி வைத்தார்கள். மறுநாள் காலையில் ஆற்றுநீர்க் குப்பி கறுத்துப்போயிருந்தது. குளோரின் கலந்த குழாய் நீர் நிறம் மாறவில்லை. கறுத்ததைப் பார்த்ததும் டைபாய்டு, காலரா என்று பெயர் சொல்லத் தொடங்கியவர்களைக் கருத்தாளர் நிறுத்தி, மலக்கலப்பு இருக்கக்கூடும் என்பதை மட்டுமே இது காட்டுகிறது, நோயின் பெயரைச் சொல்லாது, நீரில் இயல்பாகவே சல்பைடு இருந்தாலும் கறுக்கும் என்று விளக்கியது எனக்குப் பிடித்திருந்தது.

2023 டிசம்பர் வெள்ளத்தை முன்வைத்து, கிணற்று நீரைக் கிருமி நீக்க எவ்வளவு பிளீச்சிங் பவுடர் வேண்டும் என்று செய்த கணக்கு, ஒன்பதாம் வகுப்புக்கு அப்படியே எடுத்துச் செல்லத் தக்கது. ஆரம் 1.5 மீட்டர், நீரின் ஆழம் 4 மீட்டர் என்றால் ஏறத்தாழ 28,000 லிட்டர். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் என்ற பொதுவான அளவில் 70 கிராம் பிளீச்சிங் பவுடர் போதும். கண்மட்டத்தில் அள்ளிக் கொட்டும் பழக்கத்துக்கு இதைவிட நல்ல மறுமொழி கிடையாது.

நெருடியது வேறிடம். நடுக்கல்லூர், கோடகநல்லூர்ப் பகுதிகளில் 2024 டிசம்பரில் கேரளத்து மருத்துவக் கழிவைக் கொட்டிச் சென்றதையும், பசுமைத் தீர்ப்பாய உத்தரவுக்குப் பின் அது லாரிகளில் திரும்பிப் போனதையும் விரிவாகப் பேசி, எந்தக் கழிவை மஞ்சள் பையில் போடுவது, எதைச் சிவப்புப் பையில் போடுவது என்று நெடுநேரம் விளக்கியவர்கள், கிருமி வளர்ந்து கறுத்த அந்தக் குப்பியை மதியம் காப்பிக் கோப்பைகளோடு பொதுக் குப்பைத் தொட்டியில் போட்டார்கள். பிளீச்சிங் கரைசல் ஊற்றி ஊறவைத்துப் பிறகு கொட்ட வேண்டும் என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். இந்தச் சோதனையை நாளை பிள்ளைகள் கையில் கொடுக்கப்போகிறவர்கள் நாங்கள்தான்.

காற்று மாசு அமர்வில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவாகவும் உள்ள நுண்துகளுக்கு (PM 2.5) 24 மணி நேர வரம்பு இந்தியாவில் கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதலில் 15 என்று வாசித்தார்கள். ஏன் இந்த வேறுபாடு என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை.

பயிற்சியின் உயிர் பீடி அமர்வுதான். முக்கூடல், கடையம் பக்கத்துப் பள்ளிகளில் எத்தனையோ பிள்ளைகளின் அம்மாமார் பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு குடும்பத்தை நடத்துகிறார்கள். ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர் இதை எடுத்தார். புகைப்பதன் தீமையைத் தொடவே இல்லை. தூள் மூச்சில் போவது, நிகோடின் தோல் வழியாகவும் உள்ளே இறங்குவது, தட்டுக்குப் பக்கத்தில் குழந்தை உறங்குவது, கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சோறு பிசைவது என்று நுழைவழிகளை ஒவ்வொன்றாக எங்களிடமே கேட்டு வாங்கினார். “யார் வீட்டில் பீடி சுற்றுகிறார்கள் என்று வகுப்பில் கேட்காதீர்கள், உங்கள் வீட்டில் என்னென்ன தூசி, புகை இருக்கிறது என்று கேளுங்கள்” என்றார். அடுப்புப் புகை, சாம்பிராணி, சுண்ணாம்பு, கொசுவத்தி, பீடித்தூள் எல்லாம் ஒரே பட்டியலில் வந்துவிடும். எந்தப் பிள்ளையும் தலைகுனிய வேண்டியிருக்காது. காற்றோட்டம், கைகழுவல், தூள் வைக்கும் இடம் என்று கூலியைக் குறைக்காத மாற்றங்களை மட்டுமே அவர் முன்வைத்ததால், பெற்றோரிடமும் இதைக் கூச்சமின்றிப் பேச முடியும்.

தமிழில் தருவதாகச் சொன்ன கையேடு ஆங்கிலத்தில்தான் வந்தது. சோதனைக் குப்பிகளும் ஆளுக்கு இரண்டுதான். ஒரு வகுப்புக்கே போதாது. அடுத்த அணியில் சேர விரும்புவோர், தொடர்ந்து குப்பிகள் கிடைக்குமா, விலை என்ன என்பதைப் பெயர் கொடுக்கும்போதே கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.