நண்பர்களோடு போக எந்த மோட்டார்ஹோம் சந்திப்பு நல்லது?

அமெரிக்காவில் மோட்டார்ஹோம், அதாவது உள்ளேயே தங்கி வாழும் வசதியுள்ள மோட்டார் வண்டி, வைத்திருப்பவர்கள் கூடும் சந்திப்புகள் பல. தனியாகப் போகிறவர் எதைத் தேர்ந்தெடுத்தாலும் பெரிய குறை வராது. மூன்று நான்கு வண்டிகளாக நண்பர்கள் சேர்ந்து கிளம்பும்போதுதான் தேர்வு கடினமாகிறது. பலர் நிகழ்ச்சி நிரலைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். நான் முதலில் கேட்கும் கேள்வி, இரவில் வண்டிகள் அடுத்தடுத்து நிற்குமா என்பது. பகல் முழுக்கக் கருத்தரங்குகளில் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவோம். மாலையில் வண்டியின் நிழல்துணிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்காரும் நேரத்துக்காகத்தானே நண்பர்களோடு போகிறோம்?

பெரிய மாநாடு என்றால் ஃபேமிலி மோட்டார் கோச் அசோசியேஷன் என்ற பெயரில் தொடங்கிய சங்கத்துடையது. 1963 ஜூலை 20 அன்று முழுச் சூரிய கிரகணம் பார்க்க மெய்ன் மாநிலத்தின் ஹிங்க்லியில் 26 குடும்பங்கள் தங்கள் வண்டிகளோடு கூடின. சங்கம் அங்கேதான் பிறந்தது. நீண்ட காலம் மோட்டார்ஹோம்காரர்களுக்கு மட்டுமே இடம் தந்தது. 2017-இல் உறுப்பினர்கள் வாக்களித்த பிறகு வேறு வண்டியால் இழுத்துச் செல்லப்படும் டிரெய்லர் வைத்திருப்பவர்களும் சேரலாம் என்றானது. நண்பர்களில் ஒருவர் மோட்டார்ஹோமும் இன்னொருவர் டிரெய்லரும் வைத்திருந்தால் இது பெரிய வசதி. ஜார்ஜியாவின் பெர்ரி போன்ற ஊர்களின் கண்காட்சித் திடல்களில் மாநாடு நடக்கும். டயர், பிரேக், பேட்டரி, தீயணைப்பு என்று துறை அறிந்தவர்கள் வகுப்பெடுப்பார்கள். புது வண்டிகளை உள்ளே ஏறிப் பார்க்கலாம். கற்றுக்கொள்ள இதற்கு ஈடு இல்லை.

சிக்கல் மின்சாரத்தில் தொடங்குகிறது. கோடையில் கூரை ஏசி ஒன்று ஓட ஏறத்தாழ 1,500 வாட் வேண்டும். திடலில் கிடைக்கும் 30 ஆம்ப் மின் இணைப்பு தருவது 3,600 வாட்; 50 ஆம்ப் இணைப்பு 12,000 வாட் வரை தரும். இரண்டு ஏசி உள்ள பெரிய வண்டிக்காரர் 50 ஆம்ப் இடத்துக்குப் பணம் கட்டுவார். சின்ன வேன்காரர் செலவைக் குறைக்க இணைப்பில்லாத இடத்தை எடுப்பார். அதோடு இருவரும் திடலின் இரு மூலைகளுக்குப் போய்விடுவார்கள். ஒரே வகை இடத்தை எடுத்தாலும், வாயிலுக்கு ஒன்றாக வந்து சேராவிட்டால் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைப்பது அரிது. வண்டிகளை வந்த வரிசையில்தான் நிறுத்தச் சொல்வார்கள்.

அயோவாவின் ஃபாரஸ்ட் சிட்டியில் மோட்டார்ஹோம் தயாரிக்கும் வின்னிபேகோ நிறுவனத்தின் பெயரில் ஜூலையில் நடக்கும் சந்திப்பு இதைவிட நெருக்கமானது. சின்ன ஊர், தொழிற்சாலை பக்கத்திலேயே. நம் வண்டி உருவாகும் இடத்தை நேரில் பார்க்கலாம். ஆனால் அது அந்த நிறுவனத்தின் வண்டி வைத்திருப்பவர்களுக்கானது. நண்பர் குழுவில் ஒருவரிடம் வேறு வண்டி இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

என் மனம் நிற்பது அரிசோனாவின் குவார்ட்சைட்டில். ஜனவரியில் அங்கே பெரிய கூடாரத்துக்குள் கண்காட்சி நடக்கிறது, நுழைவு இலவசம். ஊரைச் சுற்றியுள்ள பாலைநிலம் மத்திய அரசின் நிலத் துறையிடம் இருக்கிறது. சில பகுதிகளில் 14 நாள் வரை கட்டணமின்றித் தங்கலாம். லா போசா போன்ற நீண்டகாலத் தங்கல் பகுதியில் 14 நாளுக்கு 40 டாலர், செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரையிலான பருவம் முழுவதற்கும் 180 டாலர் வாங்கிவந்தார்கள். அங்கே தண்ணீர் பிடிக்கவும் கழிவுத் தொட்டியைக் காலி செய்யவும் வசதி உண்டு. இலவசப் பகுதியில் அது கிடையாது.

இந்த இடத்தில் எண் போட்ட கட்டம் எதுவும் இல்லை. ஒருவர் முதல் நாளே வந்து இடம் பிடிக்கலாம், மற்றவர்கள் மறுநாள் வந்து சேரலாம், வண்டிகளை வட்டமாக நிறுத்தி நடுவில் தீ மூட்டலாம். குளிர்காலம் என்பதால் ஏசி தேவைப்படாது. கூரையில் சூரியத் தகடு இருந்தால் விளக்குக்கும் தண்ணீர் பம்புக்கும் போதும். பெர்ரியில் நண்பர்களைப் பிரிக்கும் மின்சாரப் பிரச்சினை இங்கே எழுவதே இல்லை. ஹை ஜாலி என்ற ஹாஜி அலியின் கல்லறையும் இந்த ஊரில்தான் இருக்கிறது. 1850-களில் அமெரிக்க ராணுவம் ஒட்டகங்களை வரவழைத்தபோது அவற்றை ஓட்ட வந்தவர் அவர். பிரமிடு வடிவக் கல்லறையின் உச்சியில் ஓர் ஒட்டகம் நிற்கிறது. அவசியம் போய்ப் பாருங்கள்.

குறைகளும் உண்டு. இரவுக் குளிர் கடுமை. புழுதி எல்லாவற்றிலும் படியும். முறையான வகுப்புகளுக்குப் பெர்ரிதான் சரி. தண்ணீரும் கவலைதான்: பெரிய வண்டியின் தொட்டி 300 லிட்டருக்கு மேல் கொள்ளும், வேனின் தொட்டி 100 லிட்டரைத் தாண்டுவதே அரிது. யார் எப்போது தண்ணீர் பிடிக்கப் போவது என்று முதல் நாளே பேசிவிடுவது நல்லது.

வண்டி வாங்கிய முதல் ஆண்டு என்றால் பெர்ரி போன்ற மாநாட்டுக்குப் போகச் சொல்வேன். அப்போது கற்பதுதான் தேவை. பழகிய பிறகு, நண்பர்களோடு என்றால், குவார்ட்சைட். மாநாட்டுக்கே போவதென்று முடிவானால் எல்லோரும் ஒரே ஆம்ப் இடத்தைப் பதிவு செய்யுங்கள். நெடுஞ்சாலையில் ஓர் எரிபொருள் நிலையத்தில் காத்திருந்து, கடைசி வண்டி வந்த பிறகு வரிசையாக வாயிலுக்குள் நுழையுங்கள்.