விண்டோவைப் பெரிதாக்கவா, இணைப்புகளைக் கூட்டவா?

தொலைவில் உள்ள சர்வரிலிருந்து கோப்பு இறக்கும்போது வேகம் கிடைக்கவில்லை என்றால் இரண்டு வழி: விண்டோவைப் பெரிதாக்கலாம், அல்லது ஒரே நேரத்தில் பல இணைப்புகள் திறக்கலாம். ஓர் உதாரணம்: லைன் 100 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 100 மெகாபிட்). சர்வர் தொலைவில் இருக்கிறது. ஒரு பாக்கெட் போய்த் திரும்ப 200 மில்லிவிநாடி ஆகிறது. இந்தக் குழாய் நிரம்பி ஓட, எந்த நேரமும் 2.5 எம்பி (மெகாபைட்) தரவு வழியில் இருந்தாக வேண்டும். டிசிபி விண்டோ, அதாவது பதில் வருவதற்குள் அனுப்பி வைக்கக்கூடிய தரவின் அளவு, பழைய 64 கேபி வரம்பிலேயே நின்றுவிட்டால் 2.6 எம்பிபிஎஸ்தான் கிடைக்கும். மீதி நேரமெல்லாம் அனுப்புகிற முனை பதிலுக்காகக் காத்துக் கிடக்கும்.

ஒரே பெரிய கோப்பு என்றால் என் ஓட்டு விண்டோவுக்குத்தான். ஆனால் அதைக் கையால் மாற்றுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். லினக்ஸும் விண்டோஸும் பெறும் பஃபரை (வந்த தரவைத் தேக்கும் நினைவகம், விண்டோவின் அளவு இதைப் பொறுத்தது) தாமாகவே வளர்த்துக்கொள்ளும். லினக்ஸில் அதன் உச்சவரம்பு நெடுங்காலம் 6 எம்பி, மிகப் புதிய கெர்னல்களில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) இன்னும் அதிகம். மேலே சொன்ன லைனுக்கு 6 எம்பியே போதும். அதே தூரத்தில் 1 ஜிபிபிஎஸ் என்றால் 25 எம்பி வேண்டும், அப்போது 6 எம்பி வரம்பை உயர்த்தத்தான் வேண்டும். கிளையன்டில் (கோப்பை இறக்கும் செயலி) பஃபர் அளவு என்று ஒரு பெட்டி இருக்கிறதே என்று ஒரு எண்ணைத் தட்டிவிடுவதுதான் ஆபத்து. லினக்ஸில் செயலி தானே ஓர் அளவை நிர்ணயித்துவிட்டால், அந்த இணைப்புக்குத் தானியங்கி வளர்ச்சி நின்றுபோகும். வேகம் கூட்டப் போய் குறைத்துக்கொண்ட கதை.

இணைப்புகளைக் கூட்டுவது முரட்டு வைத்தியம், ஆனாலும் பலிக்கும். ஒவ்வோர் இணைப்புக்கும் தனி விண்டோ. ஒன்றில் பாக்கெட் தொலைந்தால் அது மட்டும் வேகம் குறையும், மற்றவை பாட்டுக்கு ஓடும். எஸ்எஃப்டிபிக்கு (பாதுகாப்பான கோப்புப் பரிமாற்ற முறை) இது நல்ல துணை: அதற்குப் பரவலாகப் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் மென்பொருள் தனக்கென்று சுமார் 2 எம்பி விண்டோ வைத்திருப்பதால், கெர்னல் பஃபரை எவ்வளவு ஏற்றினாலும் அந்தச் சுவரில் முட்டும். பொடிப்பொடியாக ஆயிரம் கோப்புகள் இருந்தாலும் இதுதான் சரி. அங்கே நேரம் போவது ஒவ்வொரு கோப்புக்கும் போய்வரும் பயணத்தில். விண்டோவுக்கு வேலையே இல்லை. முடிந்தால் டார் (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டும் கருவி) போட்டு ஒரே கோப்பாக அனுப்புவது இன்னும் நல்லது.

குறையும் உண்டு. பத்து இணைப்பு திறந்தால் அதே லைனில் இருக்கும் மற்றவர்களின் பங்கையும் சேர்த்துப் பிடுங்குகிறோம். சில சர்வர்கள் கதவைச் சாத்திவிடும். ஆரியா2 என்ற பதிவிறக்கக் கருவி ஒரு சர்வருக்கு 16 வரை அனுமதிக்கிறது, நான் 4-ஐத் தாண்டுவதில்லை.

பிபிஆர் (டிசிபி எவ்வளவு வேகத்தில் அனுப்புவது என்று முடிவுசெய்யும் ஒரு முறை) பற்றிப் பலர் பரவசப்படுகிறார்கள். அது அனுப்பும் முனையின் வேலை. உங்கள் கணினியில் போட்டால் அப்லோடுக்குத்தான் உதவும். சுருக்கி அனுப்புவது லாக், சிஎஸ்வி போன்ற எழுத்துக் கோப்புகளுக்குச் சரி, வீடியோவுக்கு வீண்.

எதைத் தொடுவது என்று குழம்பினால், முதலில் ஓர் இணைப்பில் இறக்கிப் பாருங்கள், அப்புறம் நான்கில். நான்கு மடங்கு வந்தால் ஒவ்வோர் இணைப்புக்கும் ஏதோ ஒரு கட்டு இருக்கிறது, முதலில் விண்டோவைச் சோதித்துப் பாருங்கள். நான்கும் சேர்ந்து பழைய வேகமே வந்தால் லைனோ சர்வரோ நிரம்பிவிட்டது, கிளையன்டை விட்டுவிடுங்கள்.