ஏழு மிஸ்ஃபயரும் பாதி வீண்பழியும்

துப்பாக்கி சுடும் ரேஞ்சில் என்னோடு சுடும் தம்பி ஒருவர் போன வாரம் கேட்டார்: "அண்ணே, ரைஃபிளுக்கு எந்த பிரைமரை நம்பி வாங்கலாம்?" பிரைமர் என்றால் தோட்டாவின் அடியில் இருந்து பவுடரைப் பற்றவைக்கும் சின்னத் துண்டு. ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். முக்கால் மணி நேரம் பேசினேன், அதில் பாதி ஒரே ஒரு பிராண்டைத் திட்டியதுதான். வீட்டுக்கு வந்து யோசித்தபோது திட்டியதில் முழு நியாயம் இல்லை என்று பட்டது. அதனால் இதை எழுதுகிறேன்.

என்னிடம் 308 வின்செஸ்டர் தோட்டா போடும், கையால் இழுத்து ஏற்றும் ஒரு போல்ட் ஆக்‌ஷன், 223 ரெமிங்டன் தோட்டா போடும், அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் ஒரு செமி ஆட்டோ. முன்னதற்கு லார்ஜ் ரைஃபிள் பிரைமர், பின்னதற்கு ஸ்மால் ரைஃபிள். எட்டு வருடமாகச் சுட்ட தோட்டாக் கூடுகளில் பிரைமர், பவுடர், குண்டு வைத்துத் தோட்டாக்களை நானேதான் லோடு செய்கிறேன். 308-க்கு வழக்கமாக வாங்குவது சிசிஐ 200, இல்லையென்றால் ஃபெடரல் 210எம். 2020-ல் தட்டுப்பாடு வந்தபோது கையில் கிடைத்ததை வாங்க வேண்டியதாயிற்று. அப்படி வந்து சேர்ந்ததுதான் நான் திட்டிய பிராண்டின் அந்த ஆயிரம் பிரைமர். பெயர் வேண்டாம்.

எரிச்சல் பெட்டியைத் திறக்கும்போதே தொடங்கியது. உள்ளே இருக்கும் தட்டு உறையை விட்டு நகராது. கொஞ்சம் பலமாக இழுத்தால் சட்டென்று முழுசாக வெளியே வந்துவிடும், பத்திருபது பிரைமர்கள் மேசையெல்லாம் உருளும். தரையில் விழுந்தவற்றை வேக்வம் கிளீனர் போட்டு எடுக்க முடியாது, உள்ளேயே வெடிக்கலாம். டார்ச்சை வைத்துக்கொண்டு மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். பத்துப் பெட்டி, பத்து தடவையும் இதே கூத்து. இவ்வளவு துல்லியமான பொருளைச் செய்யத் தெரிந்தவர்களுக்கு ஒரு தட்டு செய்யத் தெரியாதா?

அப்புறம் மிஸ்ஃபயர். முதல் 200 தோட்டாவில் ஏழு. ட்ரிக்கரை இழுத்தால் 'டிக்' என்ற சத்தம் மட்டும். தாமதமாக வெடிக்க வாய்ப்பு உண்டு என்பதால் குழலை இலக்கை நோக்கியே பிடித்தபடி முப்பது விநாடியாவது காத்திருக்க வேண்டும். அந்த ஏழு முப்பது விநாடிகளில்தான் என் கோபம் வளர்ந்தது. மறுபடி காக் செய்து அடித்தால் ஏழும் வெடித்தன.

இரண்டாவது அடியில் வெடித்தது என்பதே எனக்கு விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். பிரைமர் என்பது ஒரு சின்ன உலோகக் கப், அதனுள் அடித்தால் பற்றும் கலவை, அதற்கு மேல் ஆன்வில் என்ற சின்ன உலோகத் தாங்கி. துப்பாக்கியின் ஃபயரிங் பின் (பிரைமரை அடிக்கும் ஊசி) கப்பை நசுக்கும்போது கலவை கப்புக்கும் ஆன்விலுக்கும் நடுவில் மாட்டிப் பற்றிக்கொள்ளும். ஆன்விலின் கால்கள் பாக்கெட்டின் (தோட்டாக் கூட்டில் பிரைமர் உட்காரும் குழியின்) அடியில் ஊன்றி நின்றால்தான் இது நடக்கும். பிரைமர் கொஞ்சம் மேலே நின்றுவிட்டால் முதல் அடியின் பலம் அதைக் கீழே தள்ளுவதிலேயே செலவாகிவிடும், அடுத்த அடிக்குத்தான் வெடிக்கும். இது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் பிராண்டைத் திட்டினேன், ஃபயரிங் பின் ஸ்ப்ரிங்கைக்கூட மாற்றிப் பார்த்தேன்.

கடைசியில் மிச்சம் இருந்த தோட்டாக்களின் அடியை விரலால் தடவிப் பார்த்தேன். சிலவற்றில் பிரைமர் கேஸின் (தோட்டாக் கூட்டின்) அடிமட்டத்தோடு சமமாக இருந்தது, இரண்டில் நகத்தில் தட்டியது. அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பங்கு உள்ளே போயிருக்க வேண்டும். காரணம் இரண்டு. பாக்கெட்டில் படிந்த கரியை நான் சரியாகச் சுரண்டவில்லை. தோட்டா லோடு செய்யும் பிரஸ்ஸின் நீண்ட நெம்புகோலால் அழுத்தியதில் பிரைமர் அடியைத் தொட்டதா இல்லையா என்பது கைக்கு உறைக்கவே இல்லை. இந்தப் பிரைமரின் கப்பும் பாக்கெட்டில் கொஞ்சம் இறுக்கமாகவே போகும். பாதி வழியிலேயே "போதும்" என்று கையை நிறுத்திவிடும். அந்தப் பங்கை நான் ஏற்க மாட்டேன்.

பாக்கெட்டுகளைச் சுத்தம் செய்து, கையால் பிரைமர் பொருத்தும் கருவிக்கு மாறினேன். மீதி 800-ல் ஒன்றுகூடத் தவறவில்லை. போதாக்குறைக்கு குண்டின் வேகம் அளக்கும் குரோனோகிராஃபில் பத்துப் பத்து சுற்று சுட்டுப் பார்த்தபோது, சுற்றுக்குச் சுற்று வேக வித்தியாசம் என் செல்லமான 210எம்மைவிட இதில் குறைவாக இருந்தது. பத்து சுற்றை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்ல முடியாது. ஆனாலும் வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது.

தம்பியின் கேள்விக்கு வருகிறேன். செமி ஆட்டோ என்றால் ஸ்மால் ரைஃபிளில் சிசிஐ 41. அந்தத் துப்பாக்கிகள் பலவற்றில் ஃபயரிங் பின் சுதந்திரமாக ஆடும், போல்ட் மூடும் வேகத்தில் பிரைமரை லேசாகத் தொடும்; அதற்கே அது வெடித்துவிடக் கூடாது. 41 ராணுவத் தரத்துக்கு உணர்திறன் குறைத்துச் செய்யப்பட்டது. ரெமிங்டனில் 6½ என்று பார்த்தால் 223-க்கு எடுக்காதீர்கள், 22 ஹார்னெட் போன்ற குறைந்த அழுத்தத் தோட்டாவுக்கானது அது, கப் மெல்லிசு. 7½ வாங்குங்கள். சுத்தியல் பலவீனமான பழைய துப்பாக்கி என்றால் ஃபெடரல் கைகொடுக்கும், லேசான அடிக்கே பற்றும் என்று பெயர் வாங்கியது. பெட்டியும் பெரியது, பிரைமர்கள் தள்ளித் தள்ளி இருக்கும். (பெட்டி விஷயத்தில் என் மனநிலை இந்நேரம் உங்களுக்குப் புரிந்திருக்கும்.) எதை மாற்றினாலும் பவுடரைக் குறைத்து மறுபடி அடியிலிருந்து ஏற்றி வர வேண்டும். சாதா பிரைமருக்குப் பதில் இன்னும் பலமாகப் பற்றும் மேக்னம் போட்டுவிட்டுப் பழைய அளவையே நிரப்புவது வம்பை விலைக்கு வாங்குவது. பிரைமர்களைக் கொட்டி பாட்டிலில் சேர்த்து வைக்கவே வைக்காதீர்கள். ஒன்று பற்றினால் மொத்தமும் ஒரே நேரத்தில் போகும்.

இப்போது அந்தப் பிராண்டின் விலை நன்றாக இறங்கியிருக்கிறது. அதனால்தான் தம்பி கேட்டதே.

"அப்போ நல்ல பிரைமர்தானே அண்ணே?"

"நல்ல பிரைமர்தான்."

"வாங்கவா?"

"வேண்டாம்."

போன மாதம் வேலை மேசையை நகர்த்தியபோது அடியில் இன்னும் இரண்டு கிடந்தன.