மண்தாழியா, கருங்கல் தொட்டியா: சிறு ஒயின் தயாரிப்பாளருக்கு எது தோது?

போர்ச்சுகலில் பழைய முறையை விடாமல் ஒயின் செய்யும் சிறு குடும்பங்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றை நம்பியிருக்கின்றன. தெற்கே அலென்டேஜு பகுதியில் ‘தால்யா’ என்ற மண்தாழி. வடக்கே டோரு ஆற்றுப் பள்ளத்தாக்கில் ‘லகார்’ என்ற ஆழம் குறைந்த கருங்கல் தொட்டி. ருசி, மணம் எல்லாம் பிறகு. முதலில் பார்க்க வேண்டியது சாறு தோலோடு எத்தனை நாள் ஊறுகிறது என்பதை. லகாரில் மிதித்துச் செய்யும், சாராயம் கலந்த இனிப்பு ஒயினான போர்ட்டுக்கு அது இரண்டு, மூன்று நாள்தான். தாழி ஒயினுக்கு அறுவடை தொடங்கி நவம்பர் 11 வரை. ஆள் தேவை, செலவு, எங்கே கெட்டுப்போகும் என்பதெல்லாம் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்தே வருகின்றன.

லகாரில் அவசரம் அதிகம். போர்ட்டுக்குப் பழச் சர்க்கரையில் ஏறக்குறையப் பாதி நொதித்ததுமே சாற்றை வடித்து, 77 சதவீத ஆல்கஹால் உள்ள திராட்சைச் சாராயத்தைக் கலந்து நொதித்தலை நிறுத்திவிடுவார்கள். 550 லிட்டர் பீப்பாய் ஒன்றுக்குச் சுமார் 435 லிட்டர் சாறு, 115 லிட்டர் சாராயம் என்பது வழக்கமான கணக்கு. முடிவில் ஆல்கஹால் 20 சதவீதத்தை ஒட்டி நிற்கும். நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்து அதற்குள் இறங்கியாக வேண்டும். அதனால்தான் மிதிக்கிறார்கள். முதல் நாள் மாலை தோளில் கைபோட்டு வரிசையாக நின்று, எண்ணிக்கை சொல்லி, ஒரே சீராகக் காலெடுத்து வைப்பது ‘கோர்ட்டே’. இரண்டு மணி நேரமாவது நடக்கும். அது முடிந்தால் ‘லிபர்தாதே’: வரிசை கலைந்து, அவரவர் விருப்பப்படி தொட்டிக்குள் நடக்கலாம். உள்ளங்கால் மெத்தென்று இருப்பதால் தோல் கிழியும், கொட்டை உடையாது. கொட்டை உடைந்தால் கசப்பு ஏறிவிடும். கால்களின் சூடு ஈஸ்ட்டைக் கிளப்பிவிடவும் உதவும். மறுநாளிலிருந்து முள் வைத்த மரத்தடிகளால் மிதக்கும் தோலைச் சாற்றுக்குள் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

தவறுவது பெரும்பாலும் நேரத்தில்தான். சூடான ஆண்டில் சர்க்கரை சில மணி நேரத்தில் சரசரவென்று இறங்கிவிடும். சாராயம் சேர்க்கத் தாமதித்தால் இனிப்பு போய்விடும். குளிர்ந்த வாரமாக இருந்தால் நொதித்தல் தொடங்கவே அடம்பிடிக்கும். தொட்டி அகலமாகத் திறந்து கிடப்பதால் வெப்பம் எளிதில் வெளியேறுகிறது, அது நல்லது. ஆனால் மிதக்கும் தோல் காய விட்டால் அங்கேயே காடி வாடை பிடிக்கும்.

ஆட்கள் கிடைக்காததால் 1960களிலிருந்தே பெரிய நிறுவனங்கள் வேறு வழிகளுக்கு மாறின. மிதிக்கும் இயந்திரக் கால்கள்கூட வந்துவிட்டன. சிறு தோட்டக்காரருக்கு அந்த முதலீடு கட்டுப்படியாகாது. அவர் அக்கம்பக்கத்தாரையும் அறுவடைக்கு வந்த கூலியாட்களையும்தான் தொட்டியில் இறக்க வேண்டும்.

தாழியின் கதை வேறு. பெரிய தாழி ஆள் உயரத்துக்கும் மேல் நிற்கும், ஆயிரம் லிட்டருக்கு மேல் கொள்ளும். ஆனாலும் பார்த்துக்கொள்ள ஒருவர் போதும். விடிகெய்ரா, விலா டி ஃப்ராடஸ் போன்ற ஊர்களில் வீட்டின் தரைத்தளமே ஒயின் கூடமாக இருக்கிறது.

சுட்ட களிமண்ணும் கசியும் என்பதால் உள்சுவரைப் பைன் பிசினால் பூசுவார்கள். சிலர் தேன்மெழுகும் ஆலிவ் எண்ணெயும் சேர்ப்பதுண்டு. தாழியைக் கவிழ்த்துச் சூடாக்கி, உருக்கிய பிசினை ஊற்றி உருட்டும் வேலை இது. இதற்குக் கைதேர்ந்தவர்கள் இன்று வெகு சிலரே. பூச்சு கனமானால் ஒயினில் பிசின் வாடைதான் முன்னால் நிற்கும்; தேய்ந்துபோனால் கசிவும் காடியும்.

காம்பு நீக்கிய பழத்தை, மேலே இடம் விட்டு நிரப்புகிறார்கள். கொஞ்சம் காம்பைத் திரும்பப் போடுவது வீண் அல்ல, அதன் பயன் கடைசியில் தெரியும். நொதிக்கும்போது தோல் மேலே எழும்பிக் கெட்டியாக அடைத்துக்கொள்ளும். தினம் இரண்டு, மூன்று முறை மரத்துடுப்பால் அதை உடைத்து அழுத்தாவிட்டால் அடியில் வாயு சேர்ந்து தாழியே வெடித்துவிடும். இது மிகையல்ல: பழைய கூடங்களில் தரையைச் சரிவாக அமைத்து, சிந்தும் ஒயின் வந்து சேரத் தரையில் ஒரு குழியும் வைத்திருக்கிறார்கள். வெயில் கடுமையானால் தாழிமேல் ஈரத்துணி சுற்றுவார்கள்.

நொதித்தல் அடங்கியதும் தோல் தானாக அடியில் படியும். மேலே ஆலிவ் எண்ணெயை ஒரு படலமாக ஊற்றினால் காற்று படாது. நவம்பர் 11, புனித மார்ட்டின் நாளில், அடிப்பக்கத் துளையில் மரக்குழாயைச் செருகுகிறார்கள். முதலில் கலங்கலாகச் சொட்டும். அதை மேலேயே திரும்ப ஊற்றுவார்கள். படிந்த தோலும் காம்பும் வடிகட்டியாகி, மெல்ல மெல்லத் தெளிந்த ஒயின் இறங்கும். இயந்திரமும் வேண்டாம், வடிகட்டித் தாளும் வேண்டாம். 2010இல் வந்த தால்யா ஒயினுக்கான சட்டமும் அந்த நாள் வரை ஒயின் தாழியிலேயே தோலோடு இருக்க வேண்டும் என்கிறது.

பணம் புரள்வதிலும் தாழிக்கே சாதகம். செப்டம்பரில் பறித்த பழம் நவம்பரில் காசாகும். ஒரே ஆண்டின் பழத்தில் செய்யும் வின்டேஜ் போர்ட் புட்டியில் அடைபடவே அறுவடைக்குப் பின் இரண்டாம் ஆண்டோ மூன்றாம் ஆண்டோ ஆகும். பீப்பாயில் முதிரவிடும் டானி வகைப் போர்ட் அங்கேயே பல ஆண்டு முடங்கும். எவ்வளவு சாற்றைப் போர்ட்டாக்கலாம் என்பதற்கும் ஆண்டுதோறும் அனுமதி அளவு உண்டு. 1986 வரை டோருவில் விளைவித்தவர் அங்கிருந்தே போர்ட்டை நேரடியாக ஏற்றுமதி செய்யவும் முடியாது. அது விலா நோவா டி கையா நகரின் வணிகர்கள் வழியாகத்தான் போக வேண்டும். அந்தக் கட்டு தளர்ந்த பிறகே டோருவில் தனிப் பெயரோடு சிறு தயாரிப்பாளர்கள் தலையெடுத்தார்கள். இன்று அவர்களில் பலர் லகாரில் மிதித்த சாற்றைச் சாராயம் சேர்க்காமல், வேறு தொட்டியில் முழுதாக நொதிக்கவிட்டு, சாதாரணச் சிவப்பு ஒயினாக விற்கிறார்கள். இது புத்திசாலித்தனமான வழி என்பது எங்கள் கருத்து: சாராயச் செலவும் இல்லை, அனுமதி அளவுக்குக் காத்திருப்பதும் இல்லை.

இரண்டு, மூன்று பேரே உள்ள குடும்பத்துக்குத் தயங்காமல் தாழியைச் சொல்லலாம், பிசின் பூச ஆள் கிடைக்கும் என்றால். தடித்த தோலுள்ள டோரிகா நசியோனால் போன்ற பழமும், அறுவடை இரவுகளில் தொட்டிக்குள் இறங்க ஊராரும் இருந்தால் லகாருக்கு ஈடு கிடையாது. அந்த நிறமும் வாயில் அந்தப் பட்டுப்போன்ற துவர்ப்பும் தாழியில் வராது.