பி20 பயோடீசல்: ஆயில் என்ஜினில் இரண்டு பருவங்கள்

ஓட்டல்களில் பொரித்து மிஞ்சிய சமையல் எண்ணெயிலிருந்து தயாரித்த பயோடீசலை 20 லிட்டர் கேன்களாக வாங்கி, ஒரு லிட்டருக்கு நான்கு லிட்டர் டீசல் என்ற கணக்கில் (20 விழுக்காடு பயோடீசல் என்பதால் இக்கலவைக்குப் பி20 என்று பெயர்) நானே கலந்து, எங்கள் கிணற்றின் 10 எச்.பி. ஆயில் என்ஜினில் இரண்டு பருவங்கள் ஓட்டிப் பார்த்தேன். பயோடீசலின் அடர்த்தி சற்று அதிகம் என்பதால், டீசலை முதலில் ஊற்றி, அதன்மேல் இதை ஊற்றினால் தானாகவே நன்றாகக் கலந்துவிடுகிறது. தொடங்கும்போது என்ஜினில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

ஓட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தூய பயோடீசலில் லிட்டருக்கு ஏறத்தாழ 8 விழுக்காடு ஆற்றல் குறைவு. ஐந்தில் ஒரு பங்கு கலக்கும்போது அந்த இழப்பு ஒன்றரை விழுக்காட்டளவுக்குச் சுருங்கிவிடுவதால், தண்ணீர் பாயும் நேரத்திலோ எரிபொருள் செலவிலோ எனக்கு வேறுபாடு தெரியவில்லை. பயோடீசலின் எடையில் சுமார் 11 விழுக்காடு ஆக்சிஜன் இருப்பதால் எரிதல் முழுமையாகிறது. கரும்புகை கண்கூடாகக் குறைந்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 2002 ஆய்வும் இந்த விகிதக் கலவையில் கார்பன் மோனாக்சைடு 11 விழுக்காடு, நுண்துகள்கள் 10 விழுக்காடு குறைவதாகவும், நைட்ரஜன் ஆக்சைடுகள் 2 விழுக்காடு கூடுவதாகவும் கணித்தது. புகைக்குழாய் அருகே நின்றால் அப்பளம் பொரித்த வாடை இலேசாக வரும். அதைக் குறை என்று எழுத மனமில்லை.

தொல்லை மூன்றாவது வாரத்தில் வந்தது. பயோடீசல் நல்ல கரைப்பான். பழைய டேங்கில் ஆண்டுக்கணக்கில் படிந்திருந்த கசடை அது கிளப்பிவிட, ஃபில்டர் அடைத்து, பாத்தி பாதி நனைந்திருக்கையில் என்ஜின் நின்றுபோனது. பழியை எரிபொருள்மேல் போடுவது நியாயமன்று. டேங்கைக் கழுவாமல் தொடங்கியது என் தவறு. மிஞ்சிய எரிபொருளை டேங்குக்குத் திருப்பும் பழைய ரப்பர் ரிட்டர்ன் குழாயும் ஊறி உப்பியது. பயோடீசலைத் தாங்கும் விட்டான் என்னும் செயற்கை ரப்பர் குழாய் போட்டபின் அந்தப் பிரச்சினை இல்லை.

தரத்தில்தான் கண்டிப்பு வேண்டும். ஒரு முறை வந்த கேன் கலங்கலாக இருந்தது. விற்றவர் முணுமுணுத்தபடி மாற்றிக் கொடுத்தார். அதன்பின் பயோடீசலுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 15607 சான்று இல்லாமல் வாங்குவதில்லை. 27 மில்லி மெத்தனாலில் 3 மில்லி பயோடீசலைக் கலந்து, அடியில் எண்ணெய் தங்குகிறதா என்று பார்க்கும் எளிய சோதனை ஒன்று உண்டு. தங்கினால் எண்ணெய் முழுமையாகப் பயோடீசலாக மாற்றமடையவில்லை என்று பொருள். மெத்தனால் கொடிய விஷம், வீட்டில் வைக்கும் பொருளன்று. ஆகவே அதை விற்பனையாளரின் கூடத்திலேயே செய்துகாட்டச் சொல்லுங்கள்.

அன்றாடம் ஓடும் என்ஜினுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மின்வெட்டுக்காகக் காத்துக் கிடக்கும் ஜெனரேட்டருக்கு வேண்டவே வேண்டாம். பயோடீசல் காற்றில் கெடும், ஈரத்தை ஈர்க்கும், அந்த ஈரத்தில் நுண்ணுயிர்கள் வளரும். நான்கு மாதம் சும்மா நின்ற எங்கள் ஜெனரேட்டர் டேங்கின் அடியில் பாசிபோல் வழுவழுப்பு சேர்ந்துவிட்டது. மலைப்பகுதியில் இருப்போரும் யோசிக்க வேண்டும்: பாமாயிலில் செய்த தூய பயோடீசல் 15 டிகிரி செல்சியசை ஒட்டியே, உறைவதன் முதல்படியாக, மங்கத் தொடங்கும். கலவையில் அவ்வளவு கடுமை இராது என்றாலும் உதகையின் மார்கழிக் காலையில் நான் இதை நம்பமாட்டேன்.

விலையில் பெரிய ஆதாயம் கிடைக்கவில்லை. ஜெனரேட்டர் வெறும் டீசலுக்குத் திரும்பிவிட்டது. கிணற்று என்ஜினுக்கு அடுத்த பருவத்துக்கும் சொல்லியிருக்கிறேன், இரண்டு வாரத்துக்கு ஒரு கேன் வீதம்.